இந்துஸ்தானி சங்கீதம் கேக்க ஆரம்பிக்கிறேன், எந்த வாத்தியத்துல இருந்து தொடங்கலாம்?

புனே_பழனி:
வணக்கம் மக்களே. வேலை மாறி புனே வந்திருக்கேன். ஆபீஸ்ல கூட இருக்கறவங்க டிசம்பர்ல சவாய் கந்தர்வ மஹோத்சவம்ங்கற சங்கீத விழாவுக்கு போலாம் வான்னு கூப்பிடறாங்க, போகணும்னு ஆசையாவும் இருக்கு. கர்நாடக சங்கீதம் ஓரளவு பழக்கம் தான், அப்பா மார்கழி கச்சேரி எல்லாம் ரேடியோல விடாம கேப்பாரு, பக்கத்துல உக்காந்து கேட்டே கல்யாணி, மோகனம், கரஹரப்பிரியான்னு கொஞ்சம் ராகம் கண்டுபிடிக்க வந்துடுச்சு. ஆனா இந்துஸ்தானி கேட்டா ஒரு மணி நேரம் ஒரே ராகம், சாகித்யம் ரெண்டே வரி, எங்க ஆரம்பிச்சு எங்க போகுதுன்னு பிடிபடவே மாட்டேங்குது. சிதார் சரோட் சாரங்கி எல்லாம் பேர் தெரியும், கண்ண மூடிட்டு கேட்டா எது எதுன்னு சொல்ல வராது. எங்க இருந்து ஆரம்பிக்கணும்?

திருச்சி_தாளம்:
என் ஓட்டு சிதார் தபலாவுக்கு. ரவிசங்கர், அல்லா ரக்கா சேந்து வாசிச்ச பழைய ரெக்கார்டிங் ஏதாவது ஒண்ண எடுத்து நேரா கடைசி பத்து நிமிஷத்துக்கு போங்க ப்ரோ. ஜாலான்னு வேகமான கடைசிப் பகுதி வரும், ரெண்டு பேரும் சேந்து ஓடற ஓட்டம் கேட்டா தூக்கிவாரிப் போடும். அது பிடிச்சுதுன்னா அப்புறம் பின்னாடி போய் ஆலாப் கேட்டுக்கலாம். நான் மிருதங்கம் வாசிக்கறவன், தாளம் வழியா உள்ள போறது தான் சுலபம்னு எனக்கு படுது.

சுருதிப்பெட்டி:
தாளம் தம்பி சொல்ற வழியில உள்ள வந்தவங்க நிறைய பேர் உண்டு, ஆனா எனக்கு அதுல சம்மதம் இல்ல. கடைசி பத்து நிமிஷத்துல ஆரம்பிச்சா வேகம் தான் சங்கீதம்னு மனசுல படிஞ்சிடும். அப்புறம் பாடகர் அமீர் கான் மாதிரி ஒருத்தர் ஒரே காந்தாரத்துல போய் நின்னுட்டு அங்கயே சுத்திக்கிட்டு இருந்தா, என்னடா இவர் ஒண்ணுமே பண்ணலன்னு தோணும். அவர் பண்றது அத்தனையும் அங்க தான் இருக்கு.

பழனி, நான் கல்யாணமாகி நாக்பூர் வந்து இங்கயே தங்கிட்டவ, இங்க தான் இதெல்லாம் கேக்கவே கத்துக்கிட்டேன். எனக்கு புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். இந்த சங்கீதத்துக்கு நடுவுல இருக்கறது மனுஷக் குரல். அத்தன வாத்தியமும் எப்படியாவது பாடிடணும்னு தான் பாக்குது. பாடும்போது ஒரு ஸ்வரத்துல இருந்து இன்னொரு ஸ்வரத்துக்கு இடைவெளியே இல்லாம வழிஞ்சு போறோம் இல்லையா, அதுக்கு அங்க மீண்ட்னு பேரு. எந்த வாத்தியத்தால மீண்ட் போட முடியும், எதால முடியாது, முடியாதது என்ன செஞ்சு ஈடு கட்டுது, இந்த ஒரு கேள்விய மட்டும் கையில வெச்சுக்கிட்டு கேளுங்க. ஒவ்வொரு வாத்தியமும் தானா தனித்தனியா காதுல விழும்.

ஆனா அதுக்கும் முன்னாடி தம்புரா. வெறும் தம்புரா. நாலு தந்தி, ப ஸ ஸ ஸ. கொஞ்ச நேரம் வேற எதுவும் இல்லாம கேளுங்க. தந்திய தாங்கற கட்டைக்கு குதிரைன்னு பேரு, அதோட மேல்பாகம் கிட்டத்தட்ட தட்டையா இருக்கும், தந்திக்கும் குதிரைக்கும் நடுவுல ஒரு சின்ன நூல் போட்டு, அத இப்படி அப்படி நகத்தி, தந்தி பாதி தொட்டும் தொடாமலும் அதிர்ற இடத்த கண்டுபிடிச்சு நிறுத்துவாங்க. அங்க தான் அந்த 'ங்ங்ஞ்...'னு ரீங்காரம் பொறக்குது. அதுக்கு ஜவாரின்னு பேரு. நம்ம சர் சி.வி. ராமன் கல்கத்தால இருந்தப்ப 1921ல இத ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காரு. ஒரு தந்திய சரியா நடு மத்தியில மீட்டினா சில மேல் ஸ்வரங்கள் கேக்கவே கூடாதுன்னு இயற்பியல் சொல்லுது, ஆனா தம்புராலயும் வீணையிலயும் அதெல்லாம் நல்லாவே கேக்குது, காரணம் அந்த குதிரையோட வளைவு தான்னு காட்டினாரு. சிதார்லயும் இதே ஜவாரி குதிரை தான். வட இந்திய தந்தி வாத்தியம்னாலே நமக்கு ஒரு நாதம் மனசுல வருதே, அதுக்கு பாதி காரணம் இந்த குதிரை தான்.

புனே_பழனி:
அக்கா இது நல்லா இருக்கு, கேள்விய பிடிச்சுக்கிட்டேன். எந்த ராகம்னு ஒண்ணு சொல்லுங்களேன், எல்லா வாத்தியத்துலயும் அதையே கேட்டு பாக்கறேன்.

சுருதிப்பெட்டி:
யமன். யோசிக்கவே வேண்டாம். உங்களுக்கு கல்யாணி தெரியும், அதே ஏழு ஸ்வரம், பிரதி மத்தியமம். ஆனா கல்யாணின்னு நினைச்சுட்டு உக்காந்தீங்கன்னா ஏமாந்துடுவீங்க. நம்ம கல்யாணில ஒவ்வொரு ஸ்வரமும் அசைஞ்சுக்கிட்டே இருக்கும், யமன்ல காந்தாரம் நிஷாதம் ரெண்டும் விளக்கு வெச்ச மாதிரி ஆடாம நிக்கும். ஏறும்போது ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் தாண்டிட்டு நி ரி க, ம த நின்னு போவாங்க. நிஷாதத்துல இருந்து கிளம்பி ரிஷபத்த தொட்டு காந்தாரத்துல வந்து உக்காருவாங்க பாருங்க, அந்த ஒரு பிடி காதுல விழுந்துடுச்சுன்னா யமன் வந்துடுச்சு.

முதல்ல குரல்ல கேளுங்க. சாகித்யம் ரெண்டு வரின்னு சொன்னீங்களே, அத குறையா நினைக்காதீங்க. கயால்ங்கற பாட்டு வகையில பந்திஷ், அதாவது சாகித்யம், ஸ்தாயி, அந்தரான்னு ரெண்டு பாகம் அவ்வளவு தான். நம்ம கிருதில வாக்கேயக்காரர் பாதி வேலைய முன்னாடியே செஞ்சு வெச்சுட்டு போயிடறாரு, சங்கதியெல்லாம் அடுக்கி வெச்சிருக்கும். கயால்ல அந்த ரெண்டு வரி ஒரு கொடிக்கம்பம் மட்டும் தான், பாடறவங்க ராகத்த விரிச்சுக்கிட்டே போயி, முதல் வரியோட தலைப்பு வார்த்தைக்கு திரும்ப வந்து சமத்துல, அதாவது தாளத்தோட முதல் மாத்திரைல, விழணும். அந்த விழற இடத்துக்காக தான் சபை மொத்தமும் காத்துக்கிட்டு இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டுல டெல்லி முகம்மது ஷா தர்பார்ல சதாரங்னு முத்திரை வெச்சு எழுதின நியாமத் கான் கயாலுங்கள இன்னிக்கும் பாடறாங்க.

திருச்சி_தாளம்:
அக்கா சொன்ன சமத்துல இருந்து நான் எடுத்துக்கறேன், இது என் ஏரியா.

பழனி, தீன்தால் தெரிஞ்சா பாதி கச்சேரி புரிஞ்ச மாதிரி. 16 மாத்திரை, நாலு நாலா நாலு பாகம். தா தின் தின் தா, தா தின் தின் தா, தா தின் தின் தா, தா தின் தின் தா. நாலும் ஒண்ணு மாதிரியே இருக்கேன்னு கேப்பீங்க, தமிழ்ல எழுதறதுல தெரியாது, காதுக்கு தெரியும். மூணாவது பாகத்துல இடது கை தபலாவோட கும்முங்கற ஓசை நின்னு போயிடும், வலது கை மட்டும் மெலிசா டங் டங்னு ஒலிக்கும். அது தான் காலி, ஒம்பதாவது மாத்திரை, கையில தட்டறப்ப அங்க தட்டாம உள்ளங்கைய வீசுவாங்க. அந்த கும் ஓசை எப்ப போகுது, எப்ப திரும்ப வருதுன்னு மட்டும் காது கொடுத்துக்கிட்டே இருங்க, சமம் வரப்போறது முன்னாடியே தெரிஞ்சிடும். எண்ணவே வேண்டாம்.

எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் அந்த இடது பக்க தபலா, பாயான்னு சொல்லுவாங்க. உலோகக் குடம், மேல தோல். அந்த கருப்பு வட்டம், நம்ம மிருதங்கத்துல கரணை போடற மாதிரி, அங்க சியாஹி. வலது தபலாவுல அது சரியா நடுவுல இருக்கும். பாயால ஒரு பக்கமா ஒதுங்கி இருக்கும், மணிக்கட்ட தோல் மேல வெச்சு அழுத்தி தள்ளினா ஓசை ஊங்ங்னு ஏறி இறங்கும். அக்கா மீண்ட் மீண்ட்னு சொல்றாங்களே, அத தோல் வாத்தியத்துலயும் பண்றாங்க பாருங்க! ஜாகிர் ஹுசைன் வாசிச்ச தனி ஏதாவது ஹெட்போன்ல கேளுங்க, இடது காதுக்குள்ள யாரோ பேசற மாதிரி இருக்கும். 2024 டிசம்பர்ல அவர் போயிட்டாரு, எங்க மாதிரி தாளக்காரங்களுக்கு அது சொந்த வீட்டு இழப்பு தான். நம்ம விக்கு விநாயக்ராம் சார் கடத்தோட 1970கள்ல சக்தி குழுவுல அவர் வாசிச்சதெல்லாம் ரெண்டு மரபும் ஒண்ணா உக்காந்து பேசினது.

ராமன் பத்தி அக்கா சொன்னதால இன்னொண்ணு, தோல் வாத்தியத்துல பொதுவா ஸ்வரம் தெளிவா வராது, மிருதங்கத்துலயும் தபலாவுலயும் மட்டும் ஏன் வருதுன்னு 1920லயே எழுதினாரு, அந்த கருப்பு மருந்து தான் மேல் ஸ்வரங்கள ஒழுங்குக்கு கொண்டு வருதுன்னு.

நமக்கும் அவங்களுக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணு இருக்கு. நம்ம கச்சேரில மிருதங்கம் பாட்டு கூடவே ஓடும், ஒவ்வொரு சங்கதிக்கும் பதில் சொல்லும். அங்க கயால் பாடும்போது தபலா பெரும்பாலும் தேகாவ, அதாவது தாளத்தோட அடிப்படை சொல்லுக்கட்ட, அப்படியே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். முதல் தடவ கேட்டப்ப இவர் ஏன் வாசிக்கவே மாட்டேங்கறாருன்னு இருந்துச்சு. விளம்பித், அதாவது ரொம்ப மெதுவான, ஏக்தால்ல 12 மாத்திரை தான், ஆனா ஒரு சுத்து வர்றதுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகும், அத ஒரு மயிரிழை கூட பிசகாம நிறுத்தி வெக்கறது எவ்வளவு பெரிய வித்தைன்னு வாசிச்சு பாத்தா தான் தெரியும். வாத்தியக் கச்சேரில தபலாவுக்கு இடம் நிறைய. சிதார்காரர் கத்னு சொல்ற மெட்ட மட்டும் திரும்ப திரும்ப வாசிச்சுக்கிட்டு காத்திருப்பாரு, தபலா கிளம்பி போயிட்டு வரும். தபலா சோலோன்னா சாரங்கியோ ஹார்மோனியமோ ஒரே மெட்ட கடிகாரம் கணக்கா வாசிச்சுக்கிட்டே இருக்கும், அதுக்கு லஹரான்னு பேரு. நம்ம தனி ஆவர்த்தனத்துல பாடறவங்க கையில தாளம் போடுவாங்களே, அந்த வேலைய ஒரு மெட்டு செய்யுது.

கரிசல்_காடு:
குறுக்க வர்றேன். யமன் கல்யாணி ஒப்பீடு எல்லாம் பேசறீங்க, எங்க ஊர் பக்கத்து சேதி ஒண்ணு. இந்துஸ்தானி ராகங்கள பத்து தாட்டா, அதாவது பத்து தாய் ஸ்வர அடுக்கா, பிரிச்சு வெச்ச பாத்கண்டே 1904ல தெற்கு பக்கம் சுத்துப்பயணம் வந்தப்ப எட்டயபுரத்துல சுப்பராம தீட்சிதர பாத்து பேசியிருக்காரு. வேங்கடமகியோட 72 மேள ஏற்பாட்ட பாத்கண்டே நல்லா படிச்சாரு. அந்த பத்து தாட் யோசனைக்கு பின்னாடி நம்ம மேளகர்த்தா இருக்குன்னு சொன்னா மிகை இல்ல.

பவானி_கரையோரம்:
ஹம்சத்வனி அங்க போனதும் அப்படித்தானே? ராமசுவாமி தீட்சிதர் உண்டாக்கின ராகம், பம்பாய் பேண்டி பஜார் கரானா (பாட்டுப் பரம்பரை) அமான் அலி கான் பிரபலமாக்கி இப்ப அங்க எல்லாரும் பாடறாங்க. கீரவாணி, சாருகேசி, ஆபோகி எல்லாமே இங்க இருந்து போனது. அங்க இருந்து தேஷ், சிந்து பைரவி, ஜோன்புரி வந்துச்சு. பழனி, பேர பாத்து ஏமாறாதீங்க, நம்ம தோடி வேற அங்க தோடி வேற, அவங்க தோடி நம்ம சுபபந்துவராளி பக்கம். நம்ம ஹனுமதோடி ஸ்வரங்கள் அங்க பைரவில இருக்கும். மால்கௌன்ஸ் கேட்டா நம்ம ஹிந்தோளம், பூபாலி கேட்டா மோகனம், துர்கா கேட்டா சுத்த சாவேரி.

புனே_பழனி:
யமன் கேட்டேன், குரல்ல ரெண்டு பேர், அப்புறம் சிதார். அக்கா அந்த நி ரி க பிடிபட்டுடுச்சு! சிதார்ல ஒரு தடவ மீட்டிட்டு அதுலயே நாலு ஸ்வரம் போற மாதிரி கேக்குது, அது எப்படி?

சுருதிப்பெட்டி:
அது தான் மீண்ட். சிதார்ல விரல் வெச்சு அழுத்தற மெட்டுங்க வளைஞ்ச உலோகக் கம்பி, நம்ம வீணை மாதிரி மெழுகுல பதிச்சதில்ல, நூலால கட்டியிருக்கும், ராகத்துக்கு ஏத்த மாதிரி நகத்திக்கலாம். இடது கை விரல் தந்திய மெட்டு மேலயே பக்கவாட்டுல இழுக்கும். ஒரே மெட்டுல ஒரு மீட்டுக்கு அஞ்சு ஸ்வரம் வரைக்கும் இழுத்து எடுப்பாங்க. வலது ஆள்காட்டி விரல்ல மிஸ்ராப், கம்பில செஞ்ச நகம். மெட்டுக்கு கீழ பத்து பன்னெண்டு தந்தி தனியா ஓடும், தரப்னு சொல்லுவாங்க, அத பெரும்பாலும் தொடறதில்ல, மேல ஸ்வரம் சரியா விழுந்தா கீழ அது தானா அதிரும். ஸ்வரம் விழுந்த அப்புறமும் அறை பூரா ஒரு மினுமினுப்பு நிக்குதே, அதுக்கு காரணம் இது.

விலாயத் கான் இந்த இழுப்ப தான் வாழ்நாள் பூரா செதுக்கினாரு. கீழ்ஸ்தாயி கனத்த தந்திங்கள எடுத்துட்டு, பாட்டு மாதிரி வாசிக்க தோதா சிதாரையே மாத்தி அமைச்சாரு, காயகி அங்கம்னு பேரு. ரவிசங்கர் வழி வேற, அந்த கனத்த தந்திய வெச்சுக்கிட்டு கீழ இருந்து ஆழமா ஆலாப் எழுப்புவாரு. அவரோட குரு மைஹர் அலாவுதீன் கான். நிகில் பானர்ஜியும் அங்க படிச்சவர் தான், 1986ல அம்பத்தி நாலு வயசுலயே போயிட்டாரு. சிதார்ல ஒருத்தர மட்டும் கேளுன்னு யாராவது சொன்னா நான் நிகில் பானர்ஜிய தான் சொல்லுவேன். ஒரு இடத்துலயும் காட்டிக்கணும்னு வாசிச்சதா தெரியாது.

சரோட் அப்படியே நேரெதிர். மெட்டே கிடையாது, பளபளன்னு எஃகு தகடு. தந்திய இடது கை நகத்தோட ஓரத்தால அழுத்தி வழுக்குவாங்க, வலது கையில தேங்கா சிரட்டைல செஞ்ச சில்லு. உடம்பு மேல தோல் போத்தியிருக்கறதால ஓசை சிதார் மாதிரி மினுக்காது, கம்மலா, நெஞ்சுல இருந்து வர்ற மாதிரி, சட்டுன்னு அடங்கிடும். கண்ண மூடிட்டு கேட்டா வித்தியாசம் இது தான்: மினுக்கிக்கிட்டே நீண்டா சிதார், கனமா விழுந்து அடங்கினா சரோட். ஆப்கானிஸ்தான் ரபாப்ல இருந்து வந்தது அது. அலி அக்பர் கான் ஒரு ஸ்வரத்த வாசிச்சுட்டு விட்டு வெக்கற மௌனம் இருக்கே, அதுக்கே தனியா கேக்கணும்.

திருச்சி_தாளம்:
சிதாரும் தபலாவும் அமீர் குஸ்ரோ கண்டுபிடிச்சாருன்னு எல்லா இடத்துலயும் எழுதறாங்க, அது நிஜமா அக்கா?

சுருதிப்பெட்டி:
இல்ல தம்பி. குஸ்ரோ 1325ல காலமாயிட்டாரு. இந்த ரெண்டு வாத்தியத்துக்கும் தடயம் கிடைக்கறது பதினெட்டாம் நூற்றாண்டு டெல்லில தான். நடுவுல நானூறு வருஷம் இடைவெளி. பெரிய கவிஞர், பேர் நிலைச்சிடுச்சு.

கொல்கத்தா_கோபாலன்:
இழை நல்லா போகுது. நான் முப்பது வருஷத்துக்கு மேல கொல்கத்தால இருக்கேன், ஹார்மோனியம் பத்தி யாரும் பேசலயே. இந்த ஊர்ல தான் அது நம்ம ஊர் வாத்தியமா மாறிச்சு. 1840கள்ல பாரிஸ்ல காலால மிதிச்சு வாசிக்கற மாதிரி வந்தது, இங்க தரையில உக்காந்து ஒரு கையால துருத்திய அமுக்கற மாதிரி ஆக்கிட்டாங்க. இன்னிக்கு கயால் கச்சேரி எதுக்கு போனாலும் பக்கத்துல ஹார்மோனியம் தான். ஆனா அக்கா சொல்ற மீண்ட் கேள்விய வெச்சு பாத்தா இந்த வாத்தியம் அங்க இருக்கவே கூடாது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவுல அதுக்கு வழியே இல்ல. ஆல் இந்தியா ரேடியோ 1940ல தடையே பண்ணிச்சு, 1971ல தான் கொஞ்சம் தளர்த்தினாங்க. என்ன கேட்டா அந்த தடை சரி தான். சாரங்கி உக்காந்திருந்த இடத்த இது பிடிச்சுக்கிச்சு.

பவானி_கரையோரம்:
கோபாலன் சார், தடை சரின்னு சொல்றத ஏத்துக்க முடியல. அத்தன வருஷம் ஹார்மோனியம் வாசிச்சு பொழச்சவங்க ரேடியோல பொழப்பு இல்லாம நின்னாங்களே. மீண்ட் வராதுங்கறது நிஜம், ஆனா பாடறவங்களுக்கு பின்னாடி நிழலா வர்றதுக்கு, அவங்க மூச்சு வாங்கற இடத்துல ஸ்வரத்த பிடிச்சு வெக்கறதுக்கு, நல்ல கலைஞர் கையில அது போதும். தும்ரிங்கற பாட்டு வகைல ஹார்மோனியம் இல்லாம என்னால நினைச்சே பாக்க முடியல.

கொல்கத்தா_கோபாலன்:
அவங்க பொழப்பு போனது தப்பு தான், அதுல உங்க கூட நிக்கறேன். ஆனா சாரங்கிக்காரங்க பொழப்பு போனத யாரு பேசினாங்க? சாரங்கி கலைஞர்கள் பெரும்பாலும் பாட்டும் ஆட்டமும் தொழிலா வெச்சிருந்த பெண்களுக்கு வாசிச்சவங்க. அந்த பெண்கள சமுதாயம் ஒதுக்கினப்ப இவங்களையும் சேத்து ஒதுக்கிடுச்சு. 1902ல கல்கத்தால கிராமபோன் கம்பெனி முதல்ல பதிவு பண்ணின குரல்கள்ல கௌஹர் ஜான் இருந்தாங்க, அந்த மாதிரி பெண்கள் தான் தும்ரி தாத்ரா கஜல் எல்லாத்தையும் காப்பாத்தி நம்ம கையில கொடுத்தவங்க. அவங்க பக்கத்துல உக்காந்திருந்த வாத்தியத்துக்கு மரியாதை கிடைக்க எத்தன வருஷம் ஆச்சு! ராம் நாராயண் தனி ஆளா மேடைல உக்காந்து சாரங்கிய சோலோ வாத்தியமா நிமித்தினாரு, 2024ல தான் மறைஞ்சாரு.

சுருதிப்பெட்டி:
ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஆனா காதுன்னு வந்தா நான் சாரங்கி பக்கம் தான். பழனி, சாரங்கிய யாராவது பக்கத்துல வாசிச்சா கட்டாயம் கிட்ட போய் பாருங்க. ஒரே மரத்துல குடைஞ்ச பெட்டி, முன்னாடி தோல், மூணு குடல் தந்தி, அதுக்கு கீழ முப்பத்தஞ்சு சொச்சம் தரப் தந்தி. வயலின்ல விரல் நுனிய வெச்சு அழுத்துவாங்க, சாரங்கில அப்படி இல்ல, நகத்துக்கு மேல தோல் ஆரம்பிக்கற இடம் இருக்கே, அத தந்தியோட பக்கத்துல வெச்சு உரசி மேல கீழ போவாங்க. பழுத்த கலைஞர் கைய பாத்தா அந்த இடத்துல தந்தி பள்ளம் விழுந்திருக்கும். அத்தன வலிய தாங்கினதுக்கு கூலியா குரலுக்கு அவ்வளவு பக்கத்துல வேற எந்த வாத்தியமும் வர்றதில்ல. அத சுருதி சேக்கவே அவ்வளவு நேரம் ஆகும், ஹார்மோனியத்த தூக்கிட்டு வந்து திறந்தா முடிஞ்சுது, அதுவும் ஒரு காரணம்.

மீண்ட் வராத இன்னொரு வாத்தியம் சந்தூர். நூறு தந்தி, மேல வால்நட் மரக் குச்சியால தட்டணும், தட்டினா ஸ்வரம் விழும் அவ்வளவு தான். காஷ்மீர்ல சூஃபி இசைக்கு வாசிச்சுக்கிட்டு இருந்தாங்க. சிவகுமார் ஷர்மா அத எடுத்து தந்திய மாத்தி, ஸ்டாண்ட்ல இருந்தத மடில வெச்சு, குச்சிய தந்தி மேல மெல்ல உருட்டி நடுக்கி ஒரு ஸ்வரத்துல இருந்து அடுத்ததுக்கு பாலம் போட்டாரு. 1955ல பம்பாய்ல முதல் தடவ மேடையேறினாரு, இது ராக சங்கீதத்துக்கு லாயக்கில்லன்னு அப்ப ரொம்ப பேர் சொன்னாங்க. மழை பேஞ்சு ஓய்ஞ்ச மாதிரி அவர் வாசிக்கற ஆலாப கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

புல்லாங்குழல் கதையும் அதே தான். பன்னாலால் கோஷ் சின்ன குழல்ல கீழ்ஸ்தாயி ஆலாப் வராதுன்னு இரண்டரை அடி நீளத்துக்கு மூங்கில் தேடி பெரிய பான்சுரி பண்ணினாரு. இன்னிக்கு ஹரிபிரசாத் சௌராசியா வாசிப்புல நாம கேக்கற அந்த அடிக்குரல் அங்க இருந்து வந்தது. ஷெனாய் சொல்லவே வேண்டாம், நாதஸ்வரத்தோட சின்ன தம்பி, அத கல்யாண வாசல்ல இருந்து கச்சேரி மேடைக்கு கூட்டிட்டு வந்தது பிஸ்மில்லா கான். காசி கங்கைக்கரை பாலாஜி கோயில்ல சாதகம் பண்ணின மனுஷர், 2001ல பாரத ரத்னா.

புனே_பழனி:
அக்கா ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம், ராகத்துக்கு நேரம் உண்டுன்னு சொல்றாங்களே, மஹோத்சவத்துல அத எல்லாம் பாப்பாங்களா?

கரிசல்_காடு:
பாப்பாங்க. அங்க இன்னும் அத விடல. பாத்கண்டே இதுக்கு ஒரு கணக்கே வெச்சிருக்காரு. சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம் ரெண்டும் வந்தா விடியலோ சாயங்காலமோ, சந்தி நேரம். அதோட சுத்த மத்தியமம் வந்தா பைரவ் மாதிரி காலைல, பிரதி மத்தியமம் வந்தா பூர்வி, ஸ்ரீ மாதிரி சாயங்காலம். எல்லா ராகத்துக்கும் ஒத்து வராது, ஆனா ஒரு கைப்பிடி.

சுருதிப்பெட்டி:
சவாய்ல மதியம் உக்காந்தீங்கன்னா முதல்ல பீம்பலாஸ், முல்தானி மாதிரி வரும், பீம்பலாஸ் உங்களுக்கு ஆபேரியா கேக்கும். வெளிச்சம் மங்கறப்ப மார்வா, பூரியா தனாஸ்ரீ. மார்வா கவனமா கேளுங்க, ஸட்ஜத்துல இறங்கி இளைப்பாறவே விடாது. விளக்கு வெச்சதும் யமன். முன்னெல்லாம் விடிய விடிய நடக்கும், தர்பாரி மால்கௌன்ஸ் எல்லாம் நடுநிசில கேப்பாங்க, இப்ப ஒலிபெருக்கி கட்டுப்பாட்டால ராத்திரியோட நிக்குது, அதனால நடுநிசி ராகமும் விடியல் ராகமும் மேடைல அபூர்வமாயிடுச்சு. இது எனக்கு பெரிய வருத்தம். பைரவி மட்டும் எந்த நேரமானாலும் கடைசில வரும்.

அந்த விழாவ 1953ல பீம்சேன் ஜோஷி தன் குரு சவாய் கந்தர்வ நினைவா ஆரம்பிச்சாரு. அந்த குருவோட குரு அப்துல் கரீம் கான், கிரானா கரானா. அவருக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு முடிச்சு உண்டு, தியாகராஜர் கிருதிய கரஹரப்பிரியால பதிவு பண்ணியிருக்காரு. 1937ல பாண்டிச்சேரிக்கு ரயில்ல போறப்ப உடம்பு முடியாம சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன்ல இறங்கி, பிளாட்பாரத்துலயே உக்காந்து தர்பாரில பிரார்த்தனை பாடி அங்கயே உயிர் விட்டாரு. மிரஜ்ல அடக்கம். புனேல இருந்து மிரஜ் ரயில்ல போற தூரம் தான், சிதார் தம்புரா செய்யற குடும்பங்கள் அங்க தெருவா இருக்காங்க, ஒரு லீவு நாள்ல போய் சுரைக்குடம் காயப்போட்டிருக்கறத பாத்துட்டு வாங்க.

புனே_பழனி:
கண்டிப்பா போறேன் அக்கா. ரெண்டு வாரமா கேட்டதுல சிதாரும் சரோடும் இப்ப கலங்காம தெரியுது, தீன்தால் காலியும் பிடிபடுது, தாளம் ப்ரோவுக்கு நன்றி. நேத்து ஒண்ணு கேட்டேன், சிதார் மாதிரியே இருந்துச்சு ஆனா ரொம்ப கீழ, ரொம்ப மெதுவா, தபலாவே இல்ல, ஒரு மீட்டு மீட்டினா பத்து செகண்ட் நிக்குது. அது என்ன?

கொல்கத்தா_கோபாலன்:
ருத்ர வீணையா இருக்கலாம். துருபத்ங்கற பழைய பாட்டு வழியில ஜியா மொஹியுத்தீன் டாகர் வாசிச்சா ஆலாப் மட்டும் ஒரு மணி நேரம் போகும், தாளம் வந்தா பக்கவாஜ் தான், அது கிட்டத்தட்ட நம்ம மிருதங்கத்தோட அண்ணன், இடது பக்கம் கோதுமை மாவு அப்புவாங்க.

சுருதிப்பெட்டி:
சிதார் மாதிரியே இருந்துச்சுன்னு சொல்றதால அது சுர்பஹாரா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சிதாரோட பெரிய வடிவம், தந்தி கனம், சுருதி கீழ. ருத்ர வீணை வாசிக்கறவங்க அத குடும்பத்துக்கு வெளிய சொல்லிக் கொடுக்காத காலத்துல துருபத் ஆலாப்ப வாசிக்க சிதார்காரங்களுக்கு இது வழியா இருந்துச்சு. அலாவுதீன் கான் மக அன்னபூர்ணா தேவி இதுல பெரிய ஆள், ஆனா மேடைய விட்டு சீக்கிரமே ஒதுங்கிட்டதால பதிவு ரொம்ப கம்மி. நீங்க விலாயத் கானோட தம்பி இம்ரத் கான தேடி கேளுங்க. சுர்பஹார்ல ஆலாப் முழுசா வாசிச்சு முடிச்சுட்டு, அதே ராகத்துல சிதார கையில எடுத்து தபலாவோட கத் வாசிப்பாரு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு கேக்க அத விட நல்ல வழி கிடையாது.